சொல்லுக்குச் சாட்சி

அகராதியில் நாம் பொருளைத் தேடுகிறோம், பதிவை வாசிப்பதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் (1924-36) ஒரு பதிவுக்கு ஒழுங்கான வரிசை உண்டு: தலைச்சொல், ரோமன் எழுத்துவடிவம், இலக்கண வகை, சொல்மூலம் அல்லது இனமொழிச் சொற்கள், ஆங்கிலப் பொருள், தமிழ்ப் பொருள், கடைசியில் நூல் மேற்கோள். அந்தக் கடைசி இடம்தான் சொல்லுக்குச் சாட்சி. நூலில் ஏறாத பேச்சுச் சொற்கள் பலவற்றுக்கு அங்கே கிடைப்பது ஒரு சுருக்கக்குறி: 'லோக்.' உள்ளூர் வழக்கு என்று அர்த்தம். எந்த உள்ளூர் என்பதைக் குறி சொல்லாது. பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளை திருநெல்வேலிக்காரர். பேச்சுச் சொல்லை உள்ளே விட்டதே பெரிய காரியம். ஆனாலும் சாட்சி ஏட்டில்தான் இருக்கிறது என்ற நம்பிக்கை அந்தக் குறியில் தெரிகிறது.

'வெள்ளாமை'யை எடுத்துக்கொள்வோம். 'வேளாண்மை'யின் மரூஉ என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் கோவில்பட்டிப் பக்கம் ஒருவர் வெள்ளாமையை மாடு மேய்ந்துவிட்டது என்கிறபோது, அது தொழிலின் பெயர் அல்ல. பிஞ்சையில் நிற்கிற கம்பும் பருத்தியும். நம் அலுவலகத் தமிழின் வேளாண்மையை எந்த மாடும் மேயாது. மரூஉ என்ற குறிப்பு சொல் வந்த வழியைக் காட்டும். அது இப்போது நிற்கும் இடத்தைக் காட்டாது.

இடைசெவல் கி. ராஜநாராயணன் 1982இல் வெளியிட்ட 'கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி'யை இங்கிருந்துதான் வாசிக்க வேண்டும். தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தவர், சுற்றியிருந்த சம்சாரிகளின் தமிழுக்குச் செய்த அகராதி அது. அதில் நூல் மேற்கோளின் இடத்தில் சொல் புழங்கும் வாழ்க்கை இருக்கிறது. முறையான அகராதியா என்று பண்டிதர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. கரிசலிலும் எல்லா வீடும் ஒரே தமிழ் பேசுவதில்லை. ஒரு சொல் யார் வாயிலிருந்து வந்தது என்பதும் பதிவாக வேண்டிய விஷயம். அப்படிக் கேட்பது சாட்சியை இன்னும் கூர்மையாக்கும். அதை ஏட்டுக்குத் திருப்பி அனுப்பாது.

என் கவலை பண்டிதரைப் பற்றியதல்ல, நம்மைப் பற்றியது. கி.ரா. 2021இல் மறைந்தார். அவருடைய அகராதியிலிருந்து சொற்களைப் பொறுக்கிக் கதையில் தூவினால் கரிசல் வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். சொல் வருகிறது, அதைச் சொல்ல வைத்த சந்தர்ப்பம் வருவதில்லை. இவர்களும் பொருளை மட்டும் பார்த்துவிட்டு அகராதியை மூடியவர்கள்தான். 'லோக்.' என்ற குறியை இப்போது நம் கதைகளே தம் நெற்றியில் ஒட்டிக்கொள்கின்றன.