புதபரிகாரமும் புலமையும்: ஒரு திறனாய்வு

பிள்ளை கல்வியிற் பின்னடைந்தவிடத்து அதற்குக் காரணம் தேடுதல் பெற்றோர்க்கு இயல்பு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நம்மவருட் பலர் அக்காரணத்தை ஆசிரியரிடம் வினவுமுன்னர்ச் சாதகக் குறிப்பிலே நாடுகின்றனர். "புதனுக்குப் பலமில்லை" என்னும் இரண்டு சொற்கள் ஓர் இளம் மாணாக்கனுடைய தன்னம்பிக்கையைக் குலைத்துவிடப் போதியன. ஆகலின், புதன் வலிகுன்றுதலாவது யாது, அதற்கு முன்னோர் வகுத்த பரிகாரங்கள் எத்தன்மையன, அவற்றுட் கொள்ளற்பாலன எவை என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

சோதிடத்தை இகழ்தல் எமது நோக்கமன்று. ஈழத்திற் கிடைத்துள்ள தமிழ் நூல்களுட் பழமையானதாக அறிஞர் கொள்ளும் சரசோதிமாலை ஒரு சோதிட நூலே. அதனைப் போசராச பண்டிதர் 1310 ஆம் ஆண்டிலே தம்பதெனியாவில் அரங்கேற்றினர். இத்துணைத் தொன்மையுடைய கலையை அதன் விதிகளைக் கொண்டே அளத்தல் முறையாம்.

நூலோர் புதனை வித்தியாகாரகன் என்பர். அறிவு, வாக்கு, கணிதம், வணிகம் என்பன அவன் ஆட்சியிலுள்ளன. மிதுனமும் கன்னியும் அவனுக்குச் சொந்த வீடுகள், கன்னியில் உச்சம், மீனத்தில் நீசம். சூரியனை நெருங்கியவிடத்து அத்தமனம் அடைந்து ஒளி குன்றுவன். இதற்குப் பரிகாரமாகப் புதன்கிழமை விரதம், விட்டுணு வழிபாடு, பச்சை வத்திரம், பச்சைப்பயற்றுத் தானம், நாயுருவிச் சமித்தினால் ஓமம், மரகதம் அணிதல் முதலியன விதிக்கப்பட்டன. இசைவழியாக வழிபடுவோர்க்கு முத்துசுவாமி தீட்சிதர் நாட்டைக்குறிஞ்சி இராகத்திற் புதன்மீது இயற்றிய கீர்த்தனையும் உண்டு.

இனி, இக்குற்றங்களை நோக்குவாம். வானநூலின்படி புதன் சூரியனை விட்டு ஏறக்குறைய 28 பாகைக்கு மேல் ஒருபோதும் விலகுவதில்லை. ஆகவே, மீனத்திற் புதன் நிற்கப் பிறந்தோர் யாவரும் மாசி, பங்குனி, சித்திரை ஆகிய மூன்று மாதங்களுள் அமையும் சில வாரங்களிற் பிறந்தோரே. ஆண்டுதோறும் அவ்வாரங்களிற் பிறக்கும் குழந்தைகள் அனைவரும் மந்தபுத்தியினர் என்றல் எந்த வகுப்பறையிலும் காணப்படாத செய்தியாம்.

அத்தமனமும் அத்தகையதே. சூரியனுக்கு 14 பாகைக்குள்ளும், வக்கிரகதியில் 12 பாகைக்குள்ளும் புதன் அத்தமிப்பதாகச் சூரியசித்தாந்தம் கூறும். அவ்வாறு இருவரும் ஓரிராசியிற் கூடிநிற்றலையே பலன்கூறுவோர் புதாதித்திய யோகமென்று கூறிப் பேரறிவைப் பலனாகச் சொல்வர். ஒரே நிலை ஒருவர் வாயிற் குற்றமாகவும் மற்றொருவர் வாயிற் குணமாகவும் வருதல் சிந்திக்கற்பாலது.

அல்பேட் ஐன்ஸ்ரைன் 1879 ஆம் ஆண்டு மார்ச் 14 ஆந் திகதி பிறந்தவர். நிராயன முறைப்படி கணிக்குமிடத்து அவருக்குப் புதன் மீனத்திலே நீசம். சூரியனுக்குப் பத்துப் பாகையளவில் நின்றமையால் அத்தமனமும் உண்டு. இரு குற்றமும் ஒருங்கே பொருந்திய அவரே விஞ்ஞான உலகின் பேரறிஞராயினர். சோதிடர் இதற்கு விடையில்லாதவரல்லர். உச்சம் பெற்ற சுக்கிரன் உடனிருத்தலின் நீசபங்கமாயிற்று என்பர். நன்று. விலக்கு இத்துணை உண்டாயின், ஒரு குறிப்பை மாத்திரம் பார்த்து ஒரு சிறுவனை மந்தனென்று முடிவுகட்டுதல் அந்நூலுக்கே மாறாமன்றோ?

புதனுக்குரிய தலமென இன்று பலரும் சென்று வழிபடும் திருவெண்காட்டின் வரலாறு இதனினும் தெளிவாகப் பேசுகின்றது. பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் மகப்பேறு வேண்டியபோது, சகலாகம பண்டிதர் தேவார ஏட்டிற் கயிறு சாத்தினர். திருவெண்காட்டு முக்குளத்தில் நீராடுவோர் பெறும் வரங்களைக் கூறும் சம்பந்தர் பாடல் வந்தது. அப்பாடலிற் புதனைப்பற்றிய பேச்சில்லை. இப்பிறவியில் மகப்பேறு இல்லையெனக் கனவிற் கேட்டபின்னும், சம்பந்தர் வாக்கை நம்பியே வந்தேன் என்று களப்பாளர் உறுதி தளராது நின்றனர். அங்ஙனம் தோன்றிய சுவேதவனப்பெருமாளே பின்னர்ச் சிவஞானபோதம் அருளிய மெய்கண்டதேவர். சைவ உலகின் தலையாய பேரறிவு, விதியில்லையென்ற இடத்தில் நம்பிக்கையினாற் பிறந்தது என்பதே இவ்வரலாற்றின் உட்பொருள். மதுரைக்குப் புறப்பட்ட சம்பந்தர், கோள்நிலை தீதென்று அப்பர் தடுத்தபோது கோளறு பதிகம் பாடிச் சென்றமையும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

அங்ஙனமாயின் பரிகாரங்களைக் கைவிடுவதோ? அன்று. விரதம் மனத்தை ஒருநெறிப்படுத்தும். வழிபாடு அச்சத்தை நீக்கும். பச்சைப்பயற்றுத் தானத்தைக் காலையிற் பசியோடு பள்ளிக்கு வரும் ஏழை மாணாக்கர்க்குச் சுண்டலாக வழங்கின், அதுவே வித்தியாகாரகனுக்கு உவப்பான பூசையாம். ஆயின், கடன்பட்டு மரகதம் வாங்குதல் பரிகாரமன்று, புதிய பீடையே. கண்பார்வை குன்றியமையாற் கரும்பலகை தெரியாத சிறுவனுக்கு மரகதம் என் செய்யும்? அவனுக்கு வேண்டுவது கண்வைத்தியர்.

பெற்றோர் சாதகத்தை விரிக்குமுன் பிள்ளையின் பயிற்சிப் புத்தகத்தை விரித்துப் பார்ப்பாராக. மாணாக்கரும் தம் இராசிச் சக்கரத்திற் புதன் எவ்வீட்டில் நிற்பினும், தம் வீட்டிற் புத்தகம் திறந்திருத்தல் வேண்டுமென்பதை மறவாதிருப்பாராக.