மலரின் பெயரும் மனிதரின் பெயரும்

மேனாட்டு விஞ்ஞானி ஒருவரின் கடிதங்களை மாத்தளையில் வாழும் நாம் ஏன் படித்தல் வேண்டும் என்று மாணவர் வினவுவதுண்டு. நியாயமான வினாவே. சார்ள்ஸ் டார்வின் எழுதியனவும் பெற்றனவுமாகிய 15,000க்கும் மேற்பட்ட கடிதங்கள் 30 தொகுதிகளாக 2023இல் பதிப்பு நிறைவெய்தின. அவருடன் கடிதத் தொடர்பு கொண்டோருள் ஒருவர், நமக்கு ஏறத்தாழ இருபது மைல் தொலைவிலுள்ள பேராதனைத் தாவரவியற் பூங்காவை 1849 முதல் முப்பதாண்டுகள் நிருவகித்த துவெயிற்ஸ்.

இலங்கைக் குளங்களில் மிதக்கும் சிறு வெண்பூ ஒன்று இருவகை அமைப்புடையதெனத் தம் தாவர அட்டவணையில் துவெயிற்ஸ் குறித்தார். பூக்களை மதுசாரத்திலிட்டு டார்வினுக்கும் அனுப்பினார். பூக்களின் வேறுபட்ட வடிவங்கள் பற்றி 1877இல் வெளியிட்ட நூலில், அனுப்பியவரின் பெயரை டார்வின் மறவாது கூறினார். விஞ்ஞானம் தனியொரு மேதையின் கனவன்று, பலரின் கூட்டுழைப்பு என்பதை இத்தகைய கடிதங்கள் மெய்ப்பிக்கின்றன. அவற்றின் தலையாய பெருமையும் இதுவே.

இந்த நேர்மை சில வேளைகளில் இன எல்லையையும் கடந்தது. பேராதனையில் 38 ஆண்டுகள் தாவரங்களை வரைந்த சிங்கள ஓவியர் ஹர்மானிஸ் டி அல்விஸின் பெயர் ஓர் ஓர்க்கிட்டுக்குச் சூட்டப்பட்டது. இதனைப் பாராட்டாதிருப்பது நேர்மையன்று.

ஆயின் 1869ஐ நோக்குவோம். கோப்பி இலைகளில் செம்மஞ்சட் பொடி படிந்தது. நோயுற்ற இலைகள் பேராதனையிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்றன. பெர்க்கிலி என்ற பூஞ்சையியலறிஞர் ஆராய்ந்து, பாழ்செய்வது எனப் பொருள்படும் இலத்தீன் பெயரை அப்பூஞ்சைக்கு இட்டார். ஓர் இலை நோயுற்றதும் கடல் கடந்து கடிதம் பறந்தது. ஏனெனில் அந்த இலையில் முதலாளியின் பணம் இருந்தது.

அந்த இலைகளுக்கிடையே உழைத்தவர் யாவர்? தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்து வந்த நம் மூதாதையர். வாந்திபேதியாலும் பசியாலும் அவ்வழியில் வீழ்ந்தோர் பலர். பூஞ்சைக்குப் பெயருண்டு, அவர்களுக்கில்லை.

இக்குற்றத்தைத் துவெயிற்ஸ் என்ற தனிமனிதர் மீது சுமத்துதல் நம் நோக்கமன்று. தாவரத்தை எழுதுபவர் தாவரத்தையே எழுதுவார். எதனை எழுதத் தகுந்ததாக ஒரு சமுதாய அமைப்புக் கருதியது என்பதே நம் வினா. தோட்டத் தொழிலாளியைப் பற்றி அவ்வமைப்பு எழுதிய கடிதம் ‘துண்டு’ ஒன்றே. அதில் அவன் கடன் குறிக்கப்பட்டது, மனம் குறிக்கப்படவில்லை. அம்முறையை ஒழிக்க 1921 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

எனவே மாணவர்களே, டார்வினின் கடிதங்களைப் படியுங்கள். சிறு பூவையும் நுணுகி நோக்கும் ஒழுக்கத்தை அவற்றிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள். பின்னர் வீடு சென்று பாட்டியின் தகரப்பெட்டியைத் திறவுங்கள். ஊரிலிருந்து வந்த கடிதம், மங்கிய துண்டு, பிறப்புச் சான்றிதழ் எது கிடைப்பினும் படியெடுத்து, பெயரும் ஆண்டும் குறித்து வையுங்கள். அவையும் பதிப்பிக்கத் தகுந்தனவே. அப்பதிப்பைத் தொடங்க வேண்டியவர்கள் நாமே.