ஓடுகிறவர்களும் வீட்டுக்குள் இருப்பவர்களும்

மனம் பேதலித்தவரைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய் அருவியில் தலையைக் காட்டவைப்பது தென்மாவட்டங்களின் பழைய வழக்கம். மூலிகைக் காட்டின் வழியே இறங்கி வரும் தண்ணீர் உச்சந்தலையில் விழுந்தால் கலங்கிய புத்தி தெளியும் என்ற நம்பிக்கை இன்றும் முழுதாக மறையவில்லை. சினிமா நகைச்சுவையில் கிண்டலாகவும் வீட்டுப் பெரியவர்கள் வாயில் யோசனையாகவும் அது உலவிக்கொண்டுதான் இருக்கிறது. இப்போது அதன் பக்கத்தில் புதிய வைத்தியம் ஒன்று வந்து நிற்கிறது: ஓட்டம். உலக மனநல நாளான அக்டோபர் 10 நெருங்கும்போதெல்லாம் ஊர் ஊராக விழிப்புணர்வு ஓட்டங்கள் அறிவிக்கப்படுகின்றன. ஓடினால் மனம் நலம் பெறும் என்கிறார்கள். கூட்டமாக ஓடினால் மனநோய் மீதான களங்கமும் குறையும் என்கிறார்கள். முதலில் சொல்வது பெரும்பாலும் உண்மை. இரண்டாவது உண்மையல்ல, பல நேரங்களில் அது எதிர்த்திசையில் வேலை செய்கிறது.

உண்மையானதைத் தயங்காமல் ஒப்புக்கொள்ளலாம். ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் மனச்சோர்வோ பதற்றமோ உள்ள 141 பேரை எடுத்துக்கொண்டு, மாத்திரையா ஓட்டமா என்று பெரும்பாலோரைத் தாங்களே தேர்ந்தெடுக்க விட்டார்கள். 96 பேர் ஓட்டத்துக்கும் 45 பேர் மாத்திரைக்கும் போனார்கள். 16 வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய 44 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். ஓடியவர்களுக்கு எடையும் ரத்த அழுத்தமும்கூடச் சீரடைந்திருந்தன. 2023இல் வெளியான முடிவு இது. அடுத்த ஆண்டே 218 ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரை ஒன்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. நடையும் மெல்லோட்டமும் மனச்சோர்வைத் தணிக்க நன்றாகவே உதவுகின்றன என்றது அது.

ஓட இடமும் இருக்கிறது. சாரல் காலத்தில் தென்காசியிலிருந்து மேலகரம் வழியாகக் குற்றாலம் போகும் சாலையில் விடியற்காலை ஓடுகிறவருக்கு, மலை முகட்டில் மேகம் இறங்குவதைப் பார்த்தாலே பாதி பாரம் குறையும். அரசும் இதை ஊக்குவிக்கிறது. 2021இல் சுகாதாரத் துறை அமைச்சரான மா. சுப்பிரமணியன் நூற்றுக்கும் மேற்பட்ட ஓட்டங்களில் கலந்துகொண்டவர். அவர் காலத்தில், 2023 நவம்பர் 4 அன்று, ஒவ்வொரு மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைபாதையோடு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் தொடங்கியது. நல்ல திட்டம். உடம்புக்கு நல்லது, மனதுக்கும் நல்லது.

ஆனால் களங்கம் என்பது ஓடுகிறவரின் மனதில் இருக்கும் நோயல்ல. அது பார்க்கிறவர்களிடம் இருக்கிறது. பெண் கொடுக்கத் தயங்கும் சம்பந்தி வீட்டில், வாடகைக்கு விட மறுக்கும் வீட்டுக்காரரிடம், ‘அவன் ஒரு மாதிரி’ என்று சொல்லி ஒதுங்கும் அக்கம்பக்கத்தில் இருக்கிறது. மனநல மருத்துவரை ‘நரம்பு டாக்டர்’ என்று மாற்றிச் சொல்லி, தெரிந்தவர் கண்ணில் படாத தூரத்து ஊராகத் தேடி பஸ் ஏறும் குடும்பங்கள் எதற்காக ஒளிகின்றன? மன அழுத்தம் என்ற சொல்லுக்காக அல்ல. அந்தச் சொல்லை இன்று கல்லூரிப் பிள்ளைகள் சாதாரணமாகச் சொல்கிறார்கள். காதில் குரல் கேட்கிறது என்று சொல்லும் மகனுக்காக ஒளிகிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு குழந்தையைத் தூக்க மறுக்கும் மருமகளுக்காக, மூன்று நாள் தூங்காமல் ஊரெல்லாம் சுற்றிக் கையில் இருந்த பணத்தையெல்லாம் வாரிக்கொடுத்துவிட்டு வந்த தம்பிக்காக ஒளிகிறார்கள். இந்த மூன்று பேரில் ஒருவர்கூட விழிப்புணர்வு ஓட்டத்தில் இல்லை. அவர்களுக்காகத்தான் ஓடுகிறோம் என்று மட்டும் மேடையில் சொல்லப்படுகிறது.

அமெரிக்காவில் 1996 முதல் 2018 வரை ஒரே விதமான கேள்விகளைக் கேட்டு மக்களின் மனப்போக்கை அளந்தார்கள். மனச்சோர்வு உள்ளவரை அண்டை வீட்டுக்காரராக, உடன் வேலை செய்பவராக ஏற்பதில் இருந்த தயக்கம் குறைந்திருந்தது. ஸ்கிசோஃப்ரினியா எனும் மனச்சிதைவு உள்ளவர் ஆபத்தானவர் என்ற எண்ணமோ அதே காலத்தில் கூடியிருந்தது. விழிப்புணர்வுப் பிரசாரங்களின் பொற்காலம் என்று சொல்லத்தக்க இருபது ஆண்டுகள் அவை. நம்மைப் போல இருக்கிற நோயாளியை ஊர் சேர்த்துக்கொண்டது. நம்மைப் போல இல்லாதவரை இன்னும் தூரத் தள்ளியது. ஓட்டம் முன்னிறுத்துவது முதல் வகை நோயாளியைத்தான். வேலைக்குப் போகிறவர், சம்பளம் வாங்குகிறவர், ஆன்லைனில் பெயர் பதிந்து கட்டணம் கட்டி, காலை ஐந்தரைக்கு நல்ல ஷூவோடு வந்து நிற்கக்கூடியவர். அவருடைய வலியும் உண்மையானதே. ஆனால் அவர் முகத்தை மட்டும் மனநோயின் முகமாகக் காட்டும்போது, காட்ட முடியாதவர்களின் முகம் இன்னும் பயங்கரமாகிறது.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. ஓட்டம் நோயை முயற்சியாக மாற்றிவிடுகிறது. மனச்சோர்வில் கிடப்பவரிடம் நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? ‘சோம்பேறித்தனம், எழுந்து வேலையைப் பார்’, ‘நாலு பேரோடு பழகு, சரியாகிவிடும்.’ மனஉறுதி இல்லாதவர்களுக்கு வருவது மனநோய் என்பதுதான் இந்தக் களங்கத்தின் வேர். அந்த வேருக்கு ஓட்டப் பேச்சு தண்ணீர் ஊற்றுகிறது. ‘தினமும் ஓடினேன், ஜெயித்தேன்’ என்று ஒருவர் மேடையில் சொல்லும்போது, கட்டிலை விட்டு எழ முடியாதவரின் தாய் வீட்டுக்குப் போய் மகனிடம் என்ன கேட்பாள்? அவன் ஓடினானே, உனக்கு என்ன கேடு என்றுதான் கேட்பாள். ஆம்ஸ்டர்டாம் ஆய்வின் இன்னொரு எண்ணை ஓட்ட ஆர்வலர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை: மேற்பார்வையும் குழுவும் இருந்தும் ஓட்டத்தைச் சொன்னபடி கடைப்பிடித்தவர்கள் 52 சதவீதம்தான், மாத்திரையைக் கடைப்பிடித்தவர்கள் 82 சதவீதம். ஓட முடியாமல் போன மீதிப் பாதிப்பேரைச் சோம்பேறி என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். ஊர் சொல்லும்.

மருந்து சாப்பிடுகிறவரின் உடம்பைப் பற்றியும் இந்த மேடைகளில் பேச்சில்லை. மனப்பிறழ்வுக்கான மாத்திரைகள் பலவும் எடையைக் கூட்டும், பகலெல்லாம் தூக்கம் வரவைக்கும். சில, கைகால் நடுக்கத்தையும் இறுக்கத்தையும் தரும். உடம்பு வெயிலைத் தாங்கும் திறனையும் அவை குறைக்கலாம். மனநிலையைச் சீராக்கும் லித்தியம் சாப்பிடுகிறவர் தண்ணீர் குடிக்காமல் வியர்த்துக் கொட்டினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஆபத்தான அளவுக்கு ஏறலாம். சாரல் மூன்று மாதம். மற்ற மாதங்களில் தென்காசி வெயில் எப்படி என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ‘மாத்திரை வேண்டாம், ஓட்டமே மருந்து’ என்று உற்சாகத்தில் யாரோ சொல்வதைக் கேட்டு ஒருவர் மாத்திரையை நிறுத்தினால், அந்த விபரீதத்துக்குப் பொறுப்பு யார்?

பெண்களைப் பாருங்கள். கீழப்பாவூர், கடையம், ஆலங்குளம் பக்கத்துக் கிராமங்களில் திண்ணைதோறும் பீடி சுற்றும் பெண்கள் இருக்கிறார்கள். மடியில் சொளகு. நனைத்த இலையை அளவுத் தகடு வைத்துக் கத்தரியால் வெட்ட வேண்டும், தூளை நிரப்பிச் சுருட்ட வேண்டும், நுனியை மடக்கி நூல் கட்ட வேண்டும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. சரியில்லாததைப் பீடிக்கடையில் கழித்துவிடுவார்கள். விடியற்காலையில் தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு உட்கார்ந்தால் இருட்டும்வரை குனிந்த தலை நிமிராது. அப்படி ஒருத்தியின் முதுகுவலிக்கும் தூக்கமின்மைக்கும் குடிக்கிற கணவனுக்கும் சுயஉதவிக் குழுக் கடனுக்கும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் என்ன பதில் சொல்லும்? அவள் டிராக் பேண்ட் போட்டுக்கொண்டு தெருவில் ஓடினால், பேச்சு அவள் மனநலத்தைப் பற்றியா இருக்கும்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022இல் தமிழ்நாட்டில் பதிவு செய்த தற்கொலைகள் 19,834. மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாட்டிலேயே அதிகம். நாடு முழுவதற்குமான அந்தக் கணக்கில் முதல் காரணம் குடும்பப் பிரச்சினை, அடுத்தது நோய். இரண்டுக்குமே தேவை, கதவைத் தட்டி வந்து விசாரிக்கும் ஒரு மனிதர்.

ஓட்டத்துக்காக வாதாடுகிறவர்கள் லண்டனைச் சொல்வார்கள். 2017 ஏப்ரலில் நடந்த லண்டன் மாரத்தானே மனநல மாரத்தானாக அறிவிக்கப்பட்டது. இளவரசர்கள் வில்லியமும் ஹாரியும் முன்னின்ற ‘ஹெட்ஸ் டுகெதர்’ இயக்கத்துக்காக ஆயிரக்கணக்கானோர் நீலத் தலைப்பட்டை கட்டி ஓடினார்கள். ஆனால் அங்கே மக்கள் மனதைத் தொட்டது தலைப்பட்டை அல்ல. மனநோயோடு வாழும் பத்துப் பேரை மாதக்கணக்கில் பயிற்றுவித்து, அவர்கள் தங்கள் பெயரோடும் முகத்தோடும் பேசியதை பிபிசி தொடராக ஒளிபரப்பியது. அவர்கள் அழுததையும் பயிற்சியின் நடுவே தடுமாறியதையும் நாடு பார்த்தது. வேலை செய்தது அவர்களோடு ஏற்பட்ட அந்தப் பழக்கம்; ஓட்டம் அதற்கு ஒரு சாக்கு. நம் ஊரில் சாக்கை இறக்குமதி செய்துவிட்டு சங்கதியை விட்டுவிட்டோம். இங்கே மைக் சிறப்பு விருந்தினருக்குப் போகிறது, கொடியசைப்பு பத்திரிகையில் படமாக வருகிறது. நோயோடு வாழ்ந்தவர் பேசிய ஒரு வாக்கியம்கூட செய்தியில் இருப்பதில்லை.

லான்செட் இதழ் அமைத்த ஆணையம் 2022 அக்டோபரில் தந்த அறிக்கையும் இதைத்தான் உறுதிப்படுத்தியது: களங்கத்தைக் குறைக்க இருப்பதிலேயே வலுவான வழி, நோயோடு வாழ்ந்தவரும் மற்றவர்களும் நேருக்கு நேர் பழகுவது. இதற்குச் சான்று தேடி வெளிநாடு போகவேண்டியதில்லை. தென்காசிக்குப் பக்கத்திலேயே ஆய்க்குடி இருக்கிறது. 1975இல் கடற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் வாழும் பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் பின்னர் அவரோடு சேர்ந்தார். ஊனமுற்றவர் என்றால் பரிதாபம் அல்லது பாவம் என்று பார்த்த ஊரில், ஊனமுற்றவர்களே பள்ளி நடத்துவதையும் கணக்குப் பார்ப்பதையும் சம்பளம் கொடுப்பதையும் மக்கள் தினமும் கண்டார்கள். 2020இல் ராமகிருஷ்ணனுக்கு பத்மஸ்ரீ வந்தது. அதற்கு வெகு முன்னரே சுற்று வட்டாரத்தின் பார்வை மாறியிருந்தது. மனநோயில் அப்படி ஓர் ஆய்க்குடி ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்பதே நியாயமான கேள்வி.

மனநோய்க்கும் முன்மாதிரி உண்டு, அது பெரும் துயரத்திலிருந்து வந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்ட ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்ததில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் மாண்டார்கள். பின்னாளில் அங்கே, நோய் தீர வேண்டிக் குடும்பங்கள் வரும் தர்காவை ஒட்டியே ‘தவா-துவா’ என்ற பெயரில் பிரார்த்தனையோடு மருந்தும் தரும் ஏற்பாடு வந்தது. நம்பிக்கையோடு வருகிற குடும்பத்தை யாரும் துரத்தவில்லை; வந்த இடத்திலேயே மருத்துவர் உட்கார்ந்தார். சங்கிலியால் கட்டுவதை 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. ஆனால் சட்டத்தைவிட வேகமாகச் சங்கிலியை அவிழ்ப்பது, மாத்திரை சாப்பிட்டுத் தெளிந்து வீடு திரும்பிய ஒருவரைப் பக்கத்து வீட்டார் பார்ப்பதுதான்.

தென்காசிக்கு அது இன்னும் தூரத்தில் இருக்கிறது. 2019 நவம்பர் 22இல் தனி மாவட்டமானது; அரசு மருத்துவக் கல்லூரி இன்னும் இல்லை. முற்றிய நோய்க்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து பாளையங்கோட்டையில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரிக்குப் போகவேண்டும். ஒருநாள் கூலி போகும், துணைக்கு வருகிறவர் கூலியும் போகும். மாதாமாதம் அப்படிப் போகமுடியாதவர்கள் மாத்திரையை நிறுத்துவார்கள், நோய் திரும்பும், ஊர் ‘பார்த்தாயா, இது தீராது’ என்னும். களங்கம் இப்படித்தான் மாதாமாதம் உறுதியாகிறது. மனநோய் உள்ளவர்களில் 70 முதல் 92 சதவீதம்வரை சிகிச்சை கிடைக்காதவர்கள் என்று நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு சொன்னது. இந்தப் பள்ளத்தின் விளிம்பில் நின்றுகொண்டு டி-ஷர்ட்டின் நிறம் என்ன என்று கூட்டம் போட்டுப் பேசுவது மன்னிக்கத்தக்கதல்ல.

ஓட வேண்டாம் என்பதல்ல இதற்கு அர்த்தம். ஓடுகிறவர் ஓடட்டும், தன் நலத்துக்காக, அந்தப் பெயரிலேயே. களங்கத்தைப் போக்குகிறோம் என்ற பெயரில் ஓட்டம் நடத்த விரும்புகிறவர்கள் தென்காசியில் செய்யவேண்டியது வேறு. நடைபாதையில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க மருத்துவ முகாம் போடுகிறார்கள் அல்லவா, அங்கே இன்னொரு மேசை போடச் சொல்லிக் கேளுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆலோசகர் ஒருவரும், நோயிலிருந்து தேறி வேலைக்குப் போகும் ஒருவரும் அதில் உட்காரட்டும். அன்றைக்கு அவர்களுக்குக் கூலியும் கொடுங்கள். மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தீராமல் கிடைக்கிறதா என்று மாதாமாதம் போய்ப் பாருங்கள். பீடிக்கடை வாசலிலும் குற்றாலம் பஸ் நிறுத்தத்திலும் 14416 என்ற மனநல உதவி எண்ணைப் பெரிதாக எழுதிவையுங்கள். எந்த நேரமும் தமிழில் பேசலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த அக்டோபரில் பதக்கத்துக்கு ஒதுக்கும் பணத்தை இதற்கு மாற்றுங்கள்.