கோரைப்பல் தரும் வயதுச் சான்று

மாட்டுச் சந்தையில் வாயைத் திறந்து பார்ப்பவர் இரண்டு பல், நாலு பல் என்று தயங்காமல் வயது சொல்வார். எட்டுப் பல்லும் விழுந்து முளைத்த மாட்டைக் காட்டினால் அந்த உறுதி போய்விடும்; தேய்மானத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். மனிதனுக்கும் அதே சிக்கல். ஞானப்பல்லின் வேர் இருபது வயதையொட்டி முடிந்ததும் வளர்ச்சி என்ற அளவுகோல் கைவிட்டுப் போகிறது. மிஞ்சுவது ஒரு மெதுவான சுருக்கம்: பல்லின் உட்சுவரில் வாழ்நாளெல்லாம் டென்டின் என்னும் பல்திசு படியப் படிய, நடுவிலுள்ள கூழறை குறுகுகிறது.

நார்வேயில் குவால் குழுவினர் 1995-இல் இதைச் சூத்திரமாக்கினார்கள். எக்ஸ்ரேயில் கூழின் அளவைப் பல்லின் அளவால் வகுப்பதால், படம் பெரிதாக விழுந்தாலும் விகிதம் கெடாது. பல்லைப் பிடுங்கி அறுக்கவும் வேண்டாம். அழகான யோசனை. ஆனால் ஆறு வகைப் பற்களைச் சேர்த்தும் திட்டப்பிழை 8.6 ஆண்டுகள். 45 வயது என்று விடை வந்தால், 95 விழுக்காட்டு உறுதிக்கு ஏறத்தாழ 28 முதல் 62 வரை சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தே இதைவிட நெருங்கிவிடுவார். 2004-இல் இத்தாலியின் காமெரியேரே 100 பேரின் மேல்தாடைக் கோரைப்பற்களில் நீளத்துக்குப் பதில் பரப்பை அளந்தார். பிழை சுமார் 5 ஆண்டுகளாகக் குறைந்தது.

இத்தாலிய மண்ணில் கிடைத்த அந்தத் துல்லியம் பயணம் செய்யவில்லை. இந்தியரின் கீழ்த்தாடைக் கோரைப்பற்களைச் சோதித்து 2010-இல் வெளியான ஆய்வில் சராசரிப் பிழை 10 ஆண்டைத் தாண்டியது. "ஒவ்வொரு மக்களினத்துக்கும் தனிச் சூத்திரம் வேண்டும்" என்பது இத்துறையில் வழக்கமாக வரும் பதில். ஆனால் அதே ஆய்வில் இந்தியருக்கென்றே தனிச் சூத்திரம் அமைத்தும் பிழை பெரிதாக இறங்கவில்லை. குற்றவாளி இனம் மட்டுமாக இருந்திருந்தால் இறங்கியிருக்க வேண்டாமா? ஒரே ஊரில், ஒரே வயதில் இருவரின் கூழறை இருவிதமாகக் குறுகுவதை எந்தச் சூத்திரம் திருத்தும்? சொத்தையும் தேய்மானமும் கூடுதல் டென்டினைப் படியவைத்துக் கணக்கைக் குழப்புவது வேறு.

இனம் என்று தோன்றுவதில் ஒரு பகுதி புள்ளியியலின் வேலை. ஆய்வாளர்கள் பொக்கே-அப்பெலும் மாசேயும் 1982-இல் எலும்புகளை வைத்து எச்சரித்தது இதைத்தான்: உடல் அடையாளத்துக்கும் வயதுக்கும் உள்ள தொடர்பு தளர்வாக இருக்கும்போது, கணிக்கப்படும் வயது மாதிரிக் குழுவின் வயதுக் கலவையைப் பிரதிபலிக்கும். மாதிரியில் நடுவயதினர் மிகுந்தால் இளையவர் மூத்தவராவார், முதியவர் இளையவராவார். எனவே இரு நாட்டு ஆய்வுகளின் வேறுபாட்டைப் பல்லின் வேறுபாடாகப் படிக்குமுன், இரண்டு குழுக்களிலும் எந்த வயதினர் எத்தனை பேர் என்று பார்த்தாக வேண்டும். பல கட்டுரைகள் அந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன.

அடையாளம் தெரியாத சடலத்தின் வயதுக்கு ஓர் அகன்ற வரம்பு தரவும், தேட வேண்டிய பட்டியலைச் சுருக்கவும் இம்முறை போதும். 18 வயது ஆனதா என்ற கேள்விக்கு இதை அழைக்கவே கூடாது. இந்தியாவின் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், சான்றிதழ் எதுவும் கிடைக்காதபோது எலும்புச் சோதனையையோ வேறு புதிய மருத்துவச் சோதனையையோ அனுமதிக்கிறது. அந்தக் கதவு வழியே கூழ் விகிதமும் நுழையலாம். ஆனால் காமெரியேரேயின் மாதிரியில் இருந்தவர்கள் 18 முதல் 72 வயதினர். பதினேழு வயதுப் பையனை அந்தச் சூத்திரத்தின் முன் நிறுத்தினால், பிழை அவனைப் பெரியவர்களின் சிறைப் பக்கமே தள்ளும்.