முசுற்றின் பாதம்

மாமரத்தின் சொரசொரப்பான அடிமரத்தில் விறுவிறுவென ஏறி, வழவழப்பான இலையின் அடிப்புறத்திலும் சிறிதும் தயக்கமின்றித் தலைகீழாய் நடந்து செல்லும் முசுற்றெறும்பைச் சற்றே நின்று கவனிப்பவர்க்கு, சிருஷ்டியின் சூட்சுமம் ஒன்று புலப்படும். அதன் ஒவ்வொரு பாதத்தின் நுனியிலும் வளைந்த நகங்கள் இரண்டும், அவற்றின் நடுவே மெத்தென்ற சிறு திண்டு ஒன்றும் உண்டு. பட்டையின் மேடுபள்ளங்களில் நகங்களே பற்றிக்கொள்ள, திண்டு மடிந்து ஓய்ந்திருக்கும். பற்றுக்கோடற்ற பரப்பில் நகங்கள் வழுக்கி உள்வாங்கும் அக்கணமே, திண்டு விரிந்து, நுண்ணிய திரவப் படலத்தின் துணையால் ஒட்டிக்கொள்ளும். காலை உடலை நோக்கி இழுத்தால் பிடி இறுகும். எதிர்ப்புறம் தள்ளினால் தளரும். வழுவழுப்பான பரப்பில் தலைகீழாய்த் தொங்கியபடி தன் எடையைப்போல் 100 மடங்குக்கு மேலான பாரத்தையும் தாங்கவல்ல இப்பிராணி, மறுகணமே அநாயாசமாக அடுத்த அடி எடுத்து வைப்பதுதான் பேராச்சரியம். ஓர் இலையின் விளிம்பைத் தாடையால் கவ்வி, மற்றோர் இலையில் பாதங்களை ஊன்றி, அணியணியாய் நின்று இலைகளை இழுத்துச் சேர்த்துக் கூடமைக்கும் இவ்வெறும்புகளின் சமுதாய வாழ்க்கை முழுவதும், கண்ணுக்கு எட்டாத அச்சிறு திண்டுகளின் பலத்திலேயே நிலைபெற்றிருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.