கலாப்ரியாவின் சசி கவிதைகள்

கலாப்ரியா (பிறப்பு 1950, திருநெல்வேலி) 1970களில் எழுதிய காதல் கவிதைகளில் ‘சசி’ என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. அன்பின் ஐந்திணைப் பாடலில் எவரையும் பெயர் சுட்டிப் பாடக்கூடாது என்பது தொல்காப்பிய மரபு. பெயர் வந்ததும் கவிதை அம்மரபிலிருந்து விலகித் தனிமனிதனின் வாக்குமூலமாகிறது.

பெயர் சொல்லி இறைஞ்சுவது தாமிரபரணிக் கரைக்குப் புதிதல்ல. விக்கிரமசிங்கபுரம் நமச்சிவாயக் கவிராயர் பாபநாசத்து உலகம்மையை அப்படிப் பாடியவர். அம்மை செவிசாய்ப்பாள் என்ற பக்தனின் நம்பிக்கை அப்பாடல்களுக்குப் பின்னால் உண்டு. கலாப்ரியாவின் காதலனுக்கு அந்த நம்பிக்கை இல்லை. உடல்வேட்கையை அவன் ஒளிப்பதில்லை. ஆனால் மறுமொழி வருவதில்லை. அவனது வெறுமை அங்கே பிறக்கிறது. இக்கவிதைகளின் வலிமையும் குறையும் அதுவே: காதலனை நெருங்கி அறிகிறோம், சசியைப் பெயரளவில் மட்டுமே அறிகிறோம்.