‘மா’ என்னும் ஓரெழுத்துச் சொல்லும் ஒலியொப்புமையின் எல்லையும்

நாகப்பட்டினம் மாவட்டத்துக் கீழ்வேளூர் வட்டார உழவர் வழக்கில் ‘மா’ என்பது நில அளவு. இருபது மா ஒரு வேலி. ஏறத்தாழ மூன்று மா ஓர் ஏக்கர். இருபதில் ஒரு பங்கைக் குறிக்கும் பின்னப் பெயரே இங்கு நிலத்தின் அளவுப் பெயராக நிற்கிறது. முதலாம் இராசராசன் காலத்துத் (985–1014) தஞ்சைக் கல்வெட்டுகளிலும் வேலி, மா, காணி, முந்திரிகை என்னும் அளவுகள் பயில்கின்றன.

இவ்வடிவமே தமிழில் விலங்கு, குதிரை, மாமரம், பெருமை, அரிசி முதலியவற்றின் பொடி ஆகியவற்றையும் குறிக்கும். நன்னூல் எண்ணும் 42 ஓரெழுத்தொருமொழிகளுள் இதுவும் ஒன்று. பர்ரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (இரண்டாம் பதிப்பு, 1984) விலங்கு, மாமரம், பெருமை என்னும் பொருள்களைத் தனித்தனிப் பதிவுகளில் தருகிறது. எனவே, இதனைப் பல பொருள் குறித்த ஒரு சொல் என்பதினும், வடிவால் ஒன்றிய பல சொற்கள் என்பதே பொருந்தும்.

இவ்வேறுபாட்டை மறந்து பிறமொழிகளுடன் ஒப்பிடுவோர் எளிதில் வழுவுவர். சீனத்திலும் ‘மா’ என்பது குதிரை. ஒலியும் பொருளும் ஒத்தலால் இரண்டையும் ஒரு மூலத்தன எனக் கூறத் தோன்றும். ஆயின், பழஞ்சீனத்தில் இச்சொல்லின் மகரத்தை அடுத்து ரகரம் இருந்ததென மொழியியலார் மீட்டுருவாக்குகின்றனர். இன்றைய ஒப்புமை, பழைய வடிவை நோக்கும்போது தளர்கிறது. தமிழிலோ குதிரைப் பொருள், விலங்கு என்னும் பொதுப்பொருளின் சிறப்பாக்கமாகவே விளங்குகிறது. வடமொழியில் ‘மா’ விலக்குப் பொருள் தரும் இடைச்சொல். அதன் உறவு கிரேக்கத்தின் ‘மே’ என்னும் எதிர்மறைச் சொல்லோடு. அதற்கும் கீழ்வேளூர் வயலுக்கும் தொடர்பில்லை.

மாறாக, ‘மாங்காய்’ என்பதன் பயணம் வரலாற்றால் நிறுவத்தக்கது. தென்னிந்திய வடிவம் போர்த்துக்கீசியரின் ‘மாங்கா’ ஆகி, ஆங்கிலத்தின் ‘மேங்கோ’ ஆயிற்று. இங்குப் பொருளும் கடல்வணிகமும் கால வரிசையும் ஒருங்கே சான்றாகின்றன.

சொல் குறுகுந்தோறும் தற்செயல் ஒப்புமைக்கான வாய்ப்பு பெருகும். ஆதலின், ஓரெழுத்துச் சொற்களைக் கொண்டு மொழியுறவு நாட்டுவோர், ஒழுங்கான ஒலித்தொடர்பைப் பல சொற்களில் காட்டுதல் வேண்டும். தமிழின் தொன்மைக்கு இத்தகைய நொய்ய சான்றுகள் வலுச் சேர்ப்பதில்லை. உறுதியான சான்றுகளையும் ஐயத்திற்கு உள்ளாக்குகின்றன. ஏக்கரும் ஹெக்டேரும் ஆவணங்களை நிறைத்துவிட்ட இக்காலத்தில், தொலைமொழிகளில் ‘மா’வைத் தேடுவதற்கு முன்னர், காவிரிப் படுகை உழவரின் வாய்மொழியில் எஞ்சியுள்ள ‘மா’வைப் பதிவுசெய்தலே ஆய்வின் முதற்கடன்.